மின்வலையும் எங்கள் குடாநாடும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயமும் தமிழும் பேசப்பட்டு வரும் இம்மேடையில் மின்சாரக் கம்பியைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கும்பிளாவளைப் பிள்ளையார் கோயில் வீதியைத் திருவிழா இரவுகளில் பகலாக்கும் பொருள் எங்கிருந்து வருகின்றது, எவர் கையால் வருகின்றது என்பதை அவ்வீதியிலே விளையாடி வளர்ந்த எம் இளைஞர்கள் அறியாதிருப்பது அதனினும் விந்தை. ஆதலினாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

அளவெட்டியில் ஆறில்லை. வழுக்கையாறு உண்டே என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கின்றது. உண்மைதான், ஆனால் அது மாரியில் மாத்திரம் ஓடும் ஆறு. ஆண்டு முழுவதும் எம்மைக் காப்பது செம்மண்ணுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் கீழே கிடக்கும் கிணற்று நீர். அந்நீரை மேலே கொண்டுவர ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற, விடியற்காலம் தொடங்கி வெயிலேறும் வரையில் மூவர் உழைத்ததை இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் கண்டிருக்கின்றார்கள். சிலர் மிதித்தும் இருக்கின்றார்கள். இன்று ஒருவர் போய்ச் சுவிச்சைத் தட்டிவிட்டு வருகின்றார். வெங்காயமும் புகையிலையும் நனைகின்றன. அந்தச் சுவிச்சுக்குப் பின்னாலே ஒரு நாடு முழுவதும் நின்று வேலை செய்கின்றது என்பதையே இன்று சொல்ல வந்தோம்.

இலங்கையில் மின்சாரத்தின் கதையைச் சொல்பவர் காலியிற் பிறந்த விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1874இல் பிறந்த அவர் பொதுவேலைத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். மலைநாட்டில் வீழும் நீரைக் கண்டு கவி பாடியவர் பலர். அவரோ அதனை அளந்து பார்த்தார். 1912இல் நுவரெலியாவுக்கு அண்மையில் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்துக் காட்டினார். 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன்னே கட்டுரை ஒன்று வாசித்தார். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகிய இரண்டின் நீரையும் கொண்டு லக்சபானாவில் மின்சாரம் உண்டாக்கி நாடெங்கும் அனுப்பலாம் என்பதே அதன் சாரம். ஆட்சியாளர் காது கொடுத்துக் கேட்டாரில்லை. 1924இல் வேலை தொடங்கியது. பின்னர் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. மனிதர் சோரவில்லை. உத்தியோகத்தை விட்டபின் 1931இல் அரசாங்க சபைக்கு இரத்தினபுரித் தொகுதியிலிருந்து தெரிவானார். அங்கும் இதே பேச்சு. முடிவில் 1950இலேதான் லக்சபானாவின் முதற்கட்டம் 25 மெகாவாற்றுடன் இயங்கத் தொடங்கிற்று. கட்டுரை வாசித்து 32 ஆண்டுகள்! மூன்று ஆண்டுகள் கழித்து, 1953இல் அவர் காலமானார். கண்ணாற் கண்டுவிட்டுப் போனாரே என்பதில் எமக்கும் ஓர் ஆறுதல்.

மலையில் உண்டான மின்சாரத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவது எப்படி? தோட்டக்காரருக்கு இது எளிதில் விளங்கும். நீண்ட மண் வாய்க்காலில் நீரை மெல்ல விட்டால் வழியிலேயே பாதி மண்ணுக்குள் இறங்கிவிடும். கம்பியிலும் அவ்வாறே: ஓட்டம் மிகுந்தால் கம்பி சூடேறும், அந்தச் சூடெல்லாம் வீணாகப் போன மின்சாரம். ஆனால் மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே வலுவை அனுப்புவதற்குப் பத்திலொரு பங்கு ஓட்டம் போதும். இழப்போ நூற்றிலொரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவேதான் 1,32,000 வோல்ற்று, 2,20,000 வோல்ற்று என்று உயர்த்தி, வானளாவிய இரும்புக் கோபுரங்களின் மேலே கம்பியை இழுத்து அனுப்புகின்றார்கள். ஊரை அண்டியதும் உபநிலையத்தில் அதனை 33,000 ஆகத் தணித்து, தெருமுனை நிலைமாற்றியில் மேலும் தணித்து, 230 வோல்ற்றாக எமது வீட்டுக்குள் விடுகின்றார்கள். இக்கோபுரங்களும் கம்பிகளும் உபநிலையங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதையே மின்வலை என்கின்றோம். நாட்டு வழக்கில் 'கிறிட்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

இந்த வலையைக் கட்டிக் காப்பதற்கு முதலில் அரசாங்கத் திணைக்களம் ஒன்று இருந்தது. 1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவ்வாண்டு நவெம்பர் முதலாந் திகதி இலங்கை மின்சார சபை தோன்றியது. பிறப்பித்தல், செலுத்துதல், பகிர்தல் மூன்றும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழே வந்தன. மின்சார சபையைத் திட்டாத வீடு இந்நாட்டில் இல்லை. பட்டியல் வரும் நாளில் ஒருமுறை, விளக்கு அணையும் நாளில் ஒருமுறை. திட்டுவதற்கும் நியாயம் இருக்கலாம். ஆனால் அவர்கள் செய்யும் வேலையின் நுட்பம் இன்னதென்று அறிந்துகொண்டு திட்டுவது நலம்.

அந்நுட்பத்தை அளவெட்டியாருக்கு விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் நாதசுர வித்துவான் பத்மநாதனும் ஊர்ப்பெயரைக் கடல்கடந்து கொண்டுசென்ற மண் இது. தாளம் என்றால் என்னவென்று இங்கே குழந்தைக்கும் தெரியும். இலங்கையின் மின்வலையிலே சேர்ந்திருக்கும் பெரிய மின்பிறப்பாக்கிகள் யாவும், மலையிலே விக்டோரியாவில் சுழல்வதும் நுரைச்சோலையில் நிலக்கரியால் சுழல்வதும், ஒரே தாளத்திற்குக் கட்டுப்பட்டவை. அத்தாளம் செக்கனுக்கு 50 அலை. புதிதாக ஒரு யந்திரத்தை வலையிற் சேர்க்க வேண்டுமானால், அதனை முதலில் தனியே சுழலவிட்டு, வேகமும் அலையின் தொடக்கமும் மற்றவற்றோடு அணுவும் பிசகாமற் பொருந்தும் கணம் பார்த்தே இணைப்பார்கள். நடுவில் வந்து சேரும் தவில்காரர் சபையிலே எடுத்த எடுப்பில் அடித்துவிடுவதில்லை. தாளத்தைப் பிடித்த பிறகே கை வைப்பார். அதுவே இங்கும். பிசகினால் தவிலில் அபசுரம். யந்திரத்தில் தண்டு முறிந்துவிடும்.

இன்னுமொன்று. மின்சாரத்தைப் பெருவாரியாகக் கோர்க்காலியில் நெல்லைப் போலச் சேமித்து வைக்க இயலாது. மின்கலங்கள் வந்துகொண்டிருக்கின்றன, ஆயினும் இந்நாட்டின் தேவைக்கு அவை இன்னும் சிறு பொருளே. நாடு இந்தக் கணம் எவ்வளவு செலவழிக்கின்றதோ அவ்வளவு இந்தக் கணமே பிறக்க வேண்டும். மாலை ஆறரை மணிக்கு வீடுகளில் விளக்கேற்றுகின்றார்கள். யந்திரங்களின் மேல் பாரம் ஏறுகின்றது. சுழற்சி சிறிது தளர்கின்றது. 50 என்பது 49.9 ஆகின்றது. உடனே மலையிலே நீர்மடை சற்று அகலத் திறக்கின்றது. தளர்ச்சி மேலும் மிகுந்தால், முழு வலையையும் காப்பதற்காகச் சில ஊர்களின் இணைப்பைத் தானியங்கிக் கருவிகள் துண்டிக்கும். அதற்கும் அடங்காவிட்டால் யந்திரங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள ஒவ்வொன்றாக விலகும். நாடு முழுவதும் இருளில் மூழ்கும். இந்தத் தாளத்தை இரவும் பகலும் காத்துக்கொண்டு, எந்த நிலையம் எவ்வளவு தரவேண்டும் என்று கட்டளையிடும் இடத்தை முறைமைக் கட்டுப்பாட்டு நிலையம் என்பார்கள். அங்கே இருப்பவர் எந்த விற்பனையாளர் பக்கமும் சாயாதவராக இருக்க வேண்டும் என்பது ஏன் என்று இப்போது தெரிகின்றதல்லவா?

இனி எமது குடாநாட்டின் கதைக்கு வருவோம். அனுராதபுரத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு உயரழுத்தக் கம்பி வந்து சேர்ந்திருந்தது. மலைநாட்டு நீர் அளவெட்டிக் கிணற்றை இறைத்த காலம் அது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது கம்பி அறுந்தது, கோபுரங்கள் சாய்ந்தன. குடாநாடு இருண்டது. அக்காலத்தை இளைஞர்கள் கதையாகவே கேட்டிருப்பீர்கள். ஜாம் போத்தலின் அடியில் சிறிது மண்ணெண்ணெயை விட்டு, பஞ்சுத் திரியிட்டு, அந்தச் சிறு சுடரிலே பரீட்சைக்குப் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இச்சபையில் இருக்கின்றார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவின் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். வேகமாகச் சுழற்றினால் வானொலி உரக்கப் பேசும், களைத்தால் முனகும். பிறப்பித்தலும் செலவும் சமமாக வேண்டும் என்ற பாடத்தை உலகத்தில் வேறெந்த ஊராரும் இவ்வளவு காலால் உணர்ந்து படித்திருக்க மாட்டார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, அந்த ஜாம் போத்தலும் சிலருடைய மூட்டையில் இருந்தது.

1996க்குப் பின்னர் மின்சாரம் படிப்படியாகத் திரும்பியது. ஆனால் அது வலையின் மின்சாரமன்று. எண்ணெய் எரித்து இங்கேயே உண்டாக்கிய மின்சாரம். தனித்து நின்ற சிறு வலை. ஒரு யந்திரம் படுத்தால் பல ஊர்கள் படுத்தன. ஒளி வந்ததே போதும் என்று அன்று யாவரும் மகிழ்ந்தோம். அந்த ஒளிக்கு என்ன விலை என்று பிறகுதான் தெரிந்தது. சுன்னாகத்தையும் அதன் சுற்றாடலையும் சேர்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சுண்ணாம்புக் கல் நிலத்தின் தன்மை உங்களுக்குத் தெரியும். வெடிப்பும் குகையுமாக உள்ள அக்கல் மேலே சிந்தியதை வடிகட்டாமற் கீழே விட்டுவிடும். தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றை மூடிவிட்டு, பவுசர் வரும் வரை குடத்தோடு நின்ற தாய்மாரை நாம் கண்டோம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்பிரிலில் வழங்கிய தீர்ப்பில், அங்கே மின்நிலையம் நடத்திய தனியார் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று மன்று கட்டளையிட்டது. அவ்வழக்கைச் சுற்றாடல் அக்கறையுள்ள ஒருவர் பொதுநலன் கருதித் தொடுத்தார் என்பதையும், நீர் கெடாதிருப்பது குடிகளின் உரிமை என்ற கண்ணோடு மன்று அதனைப் பார்த்தது என்பதையும் இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இதற்கிடையில், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்குமாக 1,32,000 வோல்ற்றுக் கம்பி மீண்டும் இழுக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய 70 கிலோமீற்றர் நீளம். யப்பான், ஆசிய அபிவிருத்தி வங்கி ஆகியவற்றின் கடனுதவியோடு நடந்த வேலை. 2013 அளவில் குடாநாடு திரும்பவும் நாட்டின் தாளத்தோடு சேர்ந்தது. 23 ஆண்டுகள் பிரிந்திருந்த பின்! அவ்வாண்டிலேயே 'உத்துறு ஜனனி' என்னும் 24 மெகாவாற்று எண்ணெய் மின்நிலையமும் மின்சார சபையின் உடைமையாகச் சுன்னாகத்தில் எழுந்தது. ஒரு கம்பியை நம்பியிருப்பவனுக்குக் கைவிளக்கும் வேண்டும் அல்லவா? வலை என்று சொல்கின்றோமே, உண்மையில் தெற்கிலேதான் அது வலை. ஒரு வழி அடைத்தால் மறுவழி திறக்கும். வவுனியாவுக்கு வடக்கே அது வலையின் ஓரத்தில் தொங்கும் நூல். அந்நூலின் நுனியிலே நாம் இருக்கின்றோம். சுன்னாகத்துக்கு இரண்டாவது வழி ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

சேர்ந்திருப்பதிலும் ஆபத்து உண்டு என்று சிலர் சொல்வர். அது மெய். இந்தியாவிலே 2012 யூலை 30, 31ஆந் திகதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளின் வலை வீழ்ந்து கோடிக்கணக்கான மக்கள் இருளில் ஆழ்ந்தனர். தமிழ்நாடு தப்பியது, தென்னகத்து வலை அன்று வடக்கின் தாளத்தோடு சேர்ந்திருக்கவில்லை. ஆனால் அதே 2012இல் சென்னைக்கு வெளியேயுள்ள தமிழ்நாட்டார் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டில் வாடினர். வடக்கிலிருந்து வேண்டிய அளவு கொண்டுவரப் போதிய கம்பி இல்லாமையும் அதற்கொரு காரணம். 2013ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, அந்நாட்டு அரசின் உடைமையான பவர்கிறிட் நிறுவனத்தின் கம்பி மூலம் தெற்கும் சேர்க்கப்பட்டது. தனித்திருந்து ஒருமுறை தப்பியவர்களும் சேர்வதையே விரும்பினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

எமது நாட்டிலும் வலை வீழாமலில்லை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததாம்; நாடு முழுவதும் விளக்கணைந்தது. அனுமார் இலங்கையை எரித்தார், இக்குரங்கு அணைத்தது என்று ஊரிலே பரிகாசம் செய்தார்கள். பரிகாசம் ஒருபுறமிருக்க, ஒரு குரங்கினால் ஒரு நாடு இருளுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. விடுமுறை நாளாதலால் செலவு குறைவு. வெயிலோ உச்சம்; ஆகவே சூரியத் தகடுகள் தந்த பங்கு பெரிது. நீர்மின், நிலக்கரி யந்திரங்களில் பல தொன் பாரமுள்ள உருளை சுழல்கின்றது. குயவன் சக்கரம் கையெடுத்த பின்னும் சுழல்வது போல, திடீர்த் தடையைச் சில கணம் அது தாங்கும். தகட்டிலே சுழல்வது ஒன்றுமில்லை. தாங்கும் பாரம் குறைந்த வேளையில் அடி விழுந்தது, தாளம் சரிந்தது. அன்று மாலைக்குள் பெரும்பகுதிக்கு மின்சாரம் மீண்டதாயினும் நுரைச்சோலையின் மூன்று யந்திரங்களும் எழுந்திருக்க நாட்கள் சென்றன. அதுவரையில் ஒன்றரை மணிநேர மின்வெட்டைப் பொறுத்தோம்.

இதனை ஏன் விரித்தோமென்றால், எம் ஊரிலும் கூரைமேல் தகடு பதித்தோர் பெருகிவிட்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்ப, இங்கே தாய் தகப்பன் மின்சாரம் விற்கின்றார்கள்! நல்ல காரியம். ஆனால் 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையின்போது பகலிலே தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை வேண்டியதும், 'எமது கூரை, எமது வெயில், இவர்கள் யார்?' என்று சினந்தவர்கள் உண்டு. தகட்டைக் கம்பியிற் கொளுவிய அன்றே நாமும் அந்த மேளத்தில் ஒருவராகிவிட்டோம். நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும். அதே வேளையில், நிறுத்தச் சொல்லும் நிலை ஆண்டுதோறும் வராதபடி மின்கலங்களையும் கருவிகளையும் உரிய காலத்தில் நிறுவுமாறு கேட்கும் உரிமையும் எமக்கு உண்டு. லக்சபானாவுக்கு 32 ஆண்டு சென்றது போல இதற்கும் செல்லலாகாது.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும், அதனை 2025இல் திருத்திய சட்டமும் மின்சார சபையின் கருமங்களைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தன. உயரழுத்த வலையைப் பேணுவது ஒன்று. முறைமையை இயக்கித் தாளம் காப்பது வேறொன்று. இவை அரசின் உடைமை. இதுபற்றி இருவிதக் கருத்து உண்டு. கடனில் மூழ்கிய பெரிய சபையைப் பிரித்தாற்றான் எந்தக் கை எவ்வளவு செலவிட்டது என்று தெரியும் என்பர் ஒரு சாரார். பிரித்தால் பொறுப்பை ஒருவர்மேல் ஒருவர் சுமத்துவர் என்பர் மறு சாரார். எமது எண்ணம் இதுதான்: பிறப்பிப்பவர் பலராக இருக்கட்டும், வலையும் தாளமும் பொதுவுடைமையாகவே நிற்க வேண்டும். இலாபம் நோக்கும் எவனும் நூலின் நுனியில் இருக்கும் எமக்காக இரண்டாவது கம்பி இழுக்க வரமாட்டான். எனினும், அரசுடைமை என்ற பெயரே எம்மைக் காத்துவிடும் என்று நாம் உறங்கியும் விடலாகாது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் விளக்கணைந்து கிடந்ததும் அரசுடைமை நாட்களிலேதான். எண்ணெய் வாங்கக் காசில்லை என்றார்கள்.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு என்றொரு சபை 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. மின்கட்டணத்தை மாற்றுமுன் அது பொதுமக்களின் கருத்தைக் கேட்கின்றது, எழுத்திலும் பெற்றுக்கொள்கின்றது. கட்டணம் கூடிய பின் சந்தியில் நின்று ஏசுவதற்கு எம்மில் நூறு பேர் உண்டு. அதற்கு முன்னர் கடுதாசியில் இரண்டு பக்கம் எழுத ஒருவரும் இல்லை! சங்கத்து இளைஞர்கள் நால்வர் சேர்ந்து எழுதட்டும். மலையடிவாரத்தில் உள்ளவர்க்கும் சுன்னாகத்தார்க்கும் ஒரே கட்டணம் என்பது நல்லது. ஒரே நம்பகம் எப்போது என்று கேட்கட்டும். எண்ணெய் எரிக்கும் நிலையங்களுக்கு அயலிலுள்ள கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகளை ஒழுங்காக வெளியிடக் கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. நுனியில் இருக்கின்றோம் என்று குறைப்படும் எமக்கும் அப்பால் கடலுக்குள்ளே நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் இருக்கின்றன. அத்தீவுகளில் காற்று, வெயில், மின்கலம், டீசல் நான்கையும் கலந்து மின்சாரம் உண்டாக்க இந்தியாவின் நன்கொடையோடு 2022 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. எழுவைதீவிலே இத்தகைய கலப்பு நிலையம் அதற்கு முன்னரே நிறுவப்பட்டது. வரும் விடுமுறையில் சங்கத்தார் நயினாதீவுக்கு யாத்திரை போகும்போது, அம்மனைத் தரிசித்தபின் அங்கே மின்சாரம் எப்படி உண்டாகின்றது என்று விசாரித்து வந்து அடுத்த கூட்டத்தில் ஒருவர் பேச வேண்டும் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கின்றோம். மேடை விளக்கு எரியும்போதே வினாக்களைக் கேட்டுவிடுங்கள்.